பாதி இரவில் கணனியின் முன் உங்கள் பிள்ளைக்கு என்ன வேலை?

வெள்ளவத்தையில் 101 ஆம் இலக்க பஸ் வண்டியில் ஏறி, காலி வீதி வழியாகத் தெற்கு நோக்கிப் போய்ப் பாருங்கள். தெஹிவளை போகும், கல்கிசை போகும், பிறகு இரத்மலானை வரும். விமான நிலையமும் ரயில்வே வேலைத்தளமும் தொழிற்சாலைகளும் நிறைந்த ஊர். அதைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் கட்டுபெத்தைச் சந்தி. அங்கிருந்து உள்ளே செல்லும் பண்டாரநாயக்க மாவத்தையில்தான் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கணனித் துறையில் படிக்கும் எமது பிள்ளைகள் இந்தப் பக்கங்களில்தான் அறை எடுத்துத் தங்குகிறார்கள். படித்து முடித்து கொழும்புக் கம்பனிகளில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அறையைக் கைவிடாமல் அங்கிருந்தே போய்வருவோரும் உண்டு.

இவர்களுடைய உம்மாமாரிடம் பேசிப் பாருங்கள். எல்லோரிடமும் ஒரே முறைப்பாடுதான். "விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தாலும் இதே கதைதான். இரவு ஒரு மணிக்கு எழும்பிப் பார்த்தாலும் அந்தப் பெட்டிக்கு முன்னால்தான் இருக்குது. கேட்டால் வேலை என்று சொல்லுது. சம்பளமா என்றால் இல்லையாம். யாருக்காக வேலை என்றால் தெரியாதாம்!"

சம்பளமில்லாமல், யாருக்கென்றும் தெரியாமல், இரவில் கண் விழித்துச் செய்யும் வேலை. கேட்பதற்கு நல்ல வேலையாகத் தெரியவில்லைதான். அந்த உம்மாவின் கவலையில் நியாயம் இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. விளையாட்டிலும் வீண் பேச்சிலும் இரவைக் கழிக்கும் பிள்ளைகளும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அதே பெட்டிக்கு முன்னால் இதே நாட்டுப் பிள்ளைகள் ஒரு காலத்தில் என்ன செய்தார்கள் என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். எம்மவர்களில் பலருக்குத் தெரியாத கதை அது.

ரயில் டிக்கட்டில் பெயர் இல்லை

2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. போயா தினம். நத்தாருக்கு மறுநாள். கொழும்பு கோட்டையிலிருந்து மாத்தறை நோக்கிப் புறப்பட்ட ரயில் ஒன்று காலையில் இரத்மலானை வழியாகச் சென்றது. விடுமுறைக் கூட்டத்தால் பெட்டிகள் நிரம்பி வழிந்தன. ஹிக்கடுவைக்கு அருகே பெரலிய என்ற இடத்தில் கடல் அந்த ரயிலைப் புரட்டிப்போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஒரே ரயிலில் இத்தனை உயிர்கள் போனது உலகில் வேறெங்கும் இல்லை என்கிறார்கள்.

அந்த ரயிலில் இருந்தவர்கள் யார் யார்? அன்று அதற்குப் பதில் சொல்ல யாராலும் இயலவில்லை. விமானத்தில் போனால் பயணிகளின் பெயர்ப்பட்டியல் இருக்கும். ரயில் டிக்கட்டில் பெயர் இருப்பதில்லை. வீட்டிலிருந்து புறப்பட்டுப் போன மகன் அந்த ரயிலில் ஏறினானா, அடுத்ததில் ஏறினானா என்பது வீட்டாருக்கே தெரியாது.

கிழக்கில் நிலைமை இன்னும் கொடியது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது என்று கரையோர ஊர்கள் வரிசையாக அழிந்தன. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நாடு முழுவதிலும் அந்தத் தொகை 30,000 ஐத் தாண்டியது. உயிர் தப்பியவர்கள் பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் பன்சலைகளிலும் கோயில்களிலும் தஞ்சமடைந்தார்கள். ஒவ்வொரு முகாமிலும் யாரோ ஒரு நல்ல மனிதர் ஒரு கொப்பியை எடுத்துப் பெயர்களை எழுதத் தொடங்கினார். அந்தக் கொப்பி அந்த முகாமை விட்டு வெளியே போகாது. பிள்ளையைத் தொலைத்த தாய் ஒருத்தி, பத்து முகாம்களுக்கும் நடந்துபோய்ப் பத்துக் கொப்பிகளையும் புரட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அவள் இரண்டாம் முகாமில் தேடிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை முதலாம் முகாமுக்கு வந்து சேர்ந்திருக்கலாம். அதை அவளுக்கு யார் சொல்வது?

உணவும் உடுப்பும் அப்படித்தான். லொறிகள் வந்தன. ஒரு முகாமுக்கு மூன்று லொறி, அடுத்த முகாமுக்கு ஒன்றுமில்லை. யார் எங்கே என்ன கொடுக்கிறார்கள் என்பதை ஒரே இடத்தில் பார்க்க வழியிருக்கவில்லை.

கொப்பிகளை ஒன்றாக்கும் வேலை

அந்த நாட்களில் கொழும்பில் கணனித் துறையைச் சேர்ந்த இளைஞர், யுவதிகள் கூடினார்கள். அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் பணியாற்றிவிட்டு நாடு திரும்பிய கலாநிதி சஞ்ஜீவ வீரவரன முதலியோர் லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் என்ற அமைப்பை அதற்கு முன்னரே நிறுவியிருந்தார்கள். அந்த அமைப்பு முன்னின்றது. கம்பனிகள் சில தமது ஊழியர்களை இந்த வேலைக்கென விடுவித்தன. பல்கலைக்கழக மாணவர்கள் வந்தார்கள். சமிந்திர த சில்வா, ரவீந்திர த சில்வா, மிஃபான் கரீம் ஆகியோர் இந்தப் பணியை நெடுங்காலம் தாங்கிச் சென்றவர்களில் சிலர்.

அவர்கள் கட்டிய மென்பொருளுக்கு 'சஹான' என்று பெயர். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்.

'மென்பொருள்' என்றதும் பயந்துவிட வேண்டாம். அடிப்படையில் அது ஒரு பெரிய கொப்பிதான். ஆனால் இணையத்தில் வைக்கப்பட்ட கொப்பி. கல்முனையில் ஒருவர் அதில் ஒரு பெயரை எழுதினால், அடுத்த நொடியில் காலியில் இருப்பவர் அதைத் தேடி எடுக்கலாம். கணனியில் தனியாக எதையும் பொருத்தத் தேவையில்லை. இணையத்தளங்களைப் பார்க்க உதவும் சாதாரண வசதி இருந்தால் போதும். காணாமற் போனோரின் பதிவு ஒரு பகுதி. முகாம்களின் பதிவு இன்னொரு பகுதி. எந்த நிறுவனம் எந்த ஊரில் என்ன உதவி செய்கிறது என்பது மூன்றாவது. எங்கே என்ன தேவை, அது கிடைத்ததா என்பது நான்காவது. அரசாங்கம் அனர்த்தப் பணிகளுக்காக அமைத்த தேசிய செயற்பாட்டு நிலையம் இதனை ஏற்றுப் பயன்படுத்தியது.

முதல் வடிவத்தைச் சில நாட்களிலேயே எழுதிவிட்டார்கள். அப்போது கண் விழித்த பிள்ளைகளின் உம்மாமாரும் கதவருகே நின்று, "என்ன வேலை இது?" என்று கேட்டிருப்பார்கள்.

ஒரே பெயர், எத்தனை எழுத்துக்கள்!

பெயரைத் தேடுவது இலகுவான வேலை என்று நீங்கள் நினைக்கலாம். எமது வீட்டுப் பெயர்களையே எடுத்துக்கொள்வோம்.

முஹம்மத் என்ற பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுகிறோம்? 'எம்'முக்கு அடுத்து 'ஓ' போடுபவர் உண்டு, 'யூ' போடுபவர் உண்டு. நடுவில் ஒரு 'எம்' எழுதுவார் ஒருவர், இரண்டு எழுதுவார் மற்றவர். கடைசியில் 'ஈ-டீ' என்பார் ஒருவர், 'ஏ-டீ' என்பார் இன்னொருவர். காதர் என்ற பெயரை 'சீ'யில் தொடங்குவோரும் 'கே'யில் தொடங்குவோரும் 'கியூ'வில் தொடங்குவோரும் ஒரே தெருவில் வசிக்கிறார்கள். பாத்திமாவுக்கு 'டீ'யோடு ஒரு 'எச்' வேண்டுமா வேண்டாமா என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

மனிதருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கணனிக்கு அப்படியல்ல. ஓர் எழுத்து மாறினாலும் அதற்கு அது வேறு ஆள். முகாமில் இருந்த தொண்டர் 'கே'யில் எழுதியிருக்க, வாப்பா 'சீ'யில் தேடினால், "அப்படி ஒருவரும் இல்லை" என்று கணனி சொல்லிவிடும். பிள்ளை முகாமில் இருக்கும். வாப்பா தேடுவதை நிறுத்திவிட்டு வீடு திரும்பிவிடுவார். இதைவிடப் பெரிய கொடுமை வேறென்ன?

ஆகவே எழுத்தைப் பாராமல் ஒலியைப் பார்த்துத் தேடும் முறை சஹானவில் சேர்க்கப்பட்டது. இத்தகைய முறைகள் புதியவை அல்ல. 'சவுண்டெக்ஸ்' என்ற முறைக்கு அமெரிக்காவில் 1918 ஆம் ஆண்டிலேயே காப்புரிமை வழங்கப்பட்டது. கணனிகள் பிறக்கும் முன்னரே! 'மெட்டபோன்' என்ற இன்னொரு முறை 1990 இல் வந்தது. சஹான எழுதப்பட்ட பி.எச்.பி. என்ற கணனி மொழியில் இவ்விரண்டும் ஆயத்தமாகவே கிடைக்கின்றன.

சவுண்டெக்ஸ் வேலை செய்யும் விதத்தைச் சற்றுப் பார்ப்போம். வீட்டில் ஒரு கடதாசியை எடுத்து நீங்களும் செய்து பார்க்கலாம். பெயரின் முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். உயிரெழுத்துக்களையும் 'எச்' போன்றவற்றையும் விட்டுவிட வேண்டும். மற்ற எழுத்துக்களுக்கு ஒலி ஒற்றுமைப்படி ஓர் எண். 'எம்', 'என்' இரண்டுக்கும் 5. 'டீ', 'ட்டீ' இரண்டுக்கும் 3. 'ஆர்' என்றால் 6. மூன்று எண்கள் வராவிட்டால் பூச்சியத்தால் நிரப்ப வேண்டும். முஹம்மத் என்பதை எப்படி எழுதினாலும் 'எம் 530' என்றே வரும். பாத்திமாவை 'எஃப்'பில் தொடங்கினால், 'எச்' இருந்தாலும் இல்லாவிட்டாலும் 'எஃப் 350'. கொப்பியில் எழுதியவரும் தேடி வந்தவரும் வெவ்வேறு விதமாக எழுதினாலும் இருவரும் ஒரே இடத்தில் சந்திப்பார்கள்.

ஆனால் குறையும் உண்டு. முதலெழுத்தை அது மாற்றாது. எனவே காதர் மூன்று பேராகவே நிற்பார்: 'சீ 360', 'கே 360', 'கியூ 360'. மஹ்மூத் என்ற முற்றிலும் வேறான பெயரும் 'எம் 530' என்றே வந்து முஹம்மதுடன் கலந்துவிடும். இங்கேதான் மெட்டபோன் கைகொடுக்கிறது. சீ, கே, கியூ மூன்றும் இந்தப் பெயரில் ஒரே ஒலிதான் என்பது அதற்குத் தெரியும். மூன்று காதர்களும் ஒருவராவார்கள். முஹம்மதையும் மஹ்மூதையும் அது பிரித்துவிடும். ஸைனப் என்ற பெயரை 'எஸ்'ஸில் எழுதினாலும் 'இஸட்'டில் எழுதினாலும் சேர்த்துவிடும். ஆனால் பாத்திமாவில் அது சறுக்கிவிடுகிறது! 'டீ'யும் 'எச்'சும் சேர்ந்து வந்தால் ஆங்கிலேயரின் வழக்கப்படி அதை வேறோர் ஒலியாகக் கொண்டு, இரண்டு பாத்திமாக்களையும் இரண்டு பேராக்கிவிடுகிறது.

இரண்டு முறைகளும் ஆங்கிலப் பெயர்களுக்காக ஆங்கிலம் பேசுவோர் செய்தவை. எமது உம்மாமாரின் பெயர்களை எண்ணி அவை செய்யப்படவில்லை. ஒன்றில் தப்பிப்போவதை மற்றதில் பிடிக்க வேண்டும். அதற்கும் மேலாக வயது, ஊர், தகப்பனின் பெயர் என்று கேட்டு ஆளைப் பிரித்தறிய வேண்டும். இதையெல்லாம் இருந்து யோசிப்பவர்தான் நல்ல மென்பொருளாளர். திரையில் அழகான நிறங்களைத் தீட்டுவது இரண்டாம் பட்சம்.

தமிழில் எழுதியிருந்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். அன்று இலங்கையில் தமிழைத் தட்டச்சு செய்தவர்கள் பெரும்பாலும் பாமினி போன்ற எழுத்துருக்களைத்தான் பாவித்தார்கள். அதே எழுத்துரு இல்லாத கணனியில் அந்தப் பட்டியலைத் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். எல்லாக் கணனிகளுக்கும் பொதுவான யுனிகோட் முறை எம்மிடையே நன்கு பரவியது அதன் பிறகுதான். தமிழுக்கான இலங்கைத் தர நிர்ணயம் 2008 இல் வெளியானது.

வட்டிலப்பமும் திறந்த மென்பொருளும்

சுனாமியின் பின்னர் கட்டியதை அத்தோடு விட்டிருந்தால் சஹான இந்தக் கட்டுரைக்கு வந்திருக்காது. அவசரத்தில் எழுதியது இலங்கையின் ஓர் அனர்த்தத்துக்கு மட்டுமே பொருந்தியது. இன்னொரு நாட்டுக்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியவில்லை. ஆகவே 2005 இல், சுவீடனின் உதவி நிறுவனமான சீடாவின் நிதியுடன், முதலிலிருந்து மீண்டும் எழுதினார்கள்.

இதை நினைத்துப் பாருங்கள். பத்திரிகைகள் வேறு செய்திகளுக்குப் போய்விட்டன. தொண்டர்கள் பெரும்பாலும் தத்தம் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். பாராட்ட ஒருவரும் இல்லை. ஒரு முறை எழுதி முடித்ததைத் தூக்கி வைத்துவிட்டு, அதே வேலையை மறுபடி ஒழுங்காகச் செய்வது எத்தனை சலிப்பான காரியம்! வீட்டில் ஒரு முறை தைத்த சட்டையைப் பிரித்துத் தைக்கச் சொன்னாலே எமக்கு முகம் சுருங்குகிறது. எம்முடைய பார்வையில், முதல் சில இரவுகளின் விழிப்பைவிட இந்த இரண்டாம் வேலைதான் பெரிது.

எழுதியதை விற்கவும் இல்லை. யாரும் இலவசமாக எடுத்து, பிரித்துப் பார்த்து, திருத்திப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்துடன் வெளியிட்டார்கள். 'திறந்த மூல மென்பொருள்' என்பது இதுதான். கடையில் வட்டிலப்பம் வாங்கினால் சாப்பிடலாம், அவ்வளவுதான். எத்தனை முட்டை, எவ்வளவு கருப்பட்டி, எத்தனை தேங்காயின் பால் என்று கடைக்காரர் சொல்ல மாட்டார். அடுத்த வீட்டு மாமி பக்குவத்தை எழுதியே தந்துவிட்டால்? உங்கள் வீட்டில் நீரிழிவுக்காரர் இருந்தால் இனிப்பைக் குறைக்கலாம். ஏலக்காயைக் கூட்டலாம். நன்றாக வந்தால் மாமிக்கே போய்ச் சொல்லலாம், அவரும் தம் பக்குவத்தைத் திருத்திக்கொள்வார். கணனி உலகில் அந்தப் பக்குவத்துக்குத்தான் 'மூல நிரல்' என்று பெயர்.

பக்குவம் கைமாறியது. 2005 ஒக்டோபர் 8 இல் காஷ்மீரில் நிலம் அதிர்ந்து 70,000 இற்கும் மேற்பட்டோர் மாண்டபோது, பாகிஸ்தானின் தேசியப் பதிவு அதிகாரசபையான நாத்ராவில் சஹான நிறுவப்பட்டது. 2006 பெப்ரவரியில் பிலிப்பைன்ஸின் தென் லெய்ட்டே மாகாணத்தில் மலை சரிந்து ஒரு கிராமமே புதையுண்டது. அங்கும் சஹான. அதே ஆண்டு மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில், 2007 இல் பெரு நாட்டில், 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில். எங்கள் கடற்கரை இழப்பில் பிறந்த கொப்பி, கடலே இல்லாத மலை நாட்டு மக்களுக்கும் பயன்பட்டது.

கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006 ஆம் ஆண்டுக்கான சமூக நலத் திட்ட விருதை சஹானவுக்கு வழங்கியது. அதற்கு முந்திய ஆண்டு அதே விருதைப் பெற்றது எது தெரியுமா? விக்கிபீடியா. 2009 இல் சஹானவுக்கென்றே தனியான மன்றம் அமெரிக்காவில் பதிவு செய்யப்பட்டது.

அந்த உலகத்தின் நடைமுறைகள்

இனி, உங்கள் பிள்ளை இரவில் பேசிக்கொண்டிருக்கும் முகம் தெரியாத மனிதர்களைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும்.

திறந்த மூலத் திட்டங்களில் வேலை செய்வோர் ஒரே அறையில் இருப்பதில்லை. ஒருவர் பிரேசிலில், ஒருவர் ஜேர்மனியில், ஒருவர் இரத்மலானையில். இங்கே இரவாகும்போதுதான் அமெரிக்காவில் இருப்பவர் காலைத் தேநீரோடு வந்து உட்காருகிறார். கேள்விக்குப் பதில் கிடைக்கும் நேரம் அது. பிள்ளை கண் விழிப்பதற்கு ஒரு காரணம் இதுதான். (எல்லா இரவுக்கும் இதே காரணத்தைச் சொன்னால் நம்பிவிட வேண்டாம்!)

புதியவர் ஒருவர் வந்தவுடன் மூல நிரலில் கைவைக்க முடியாது. முதலில் சிறு பிழையொன்றைக் கண்டுபிடித்துத் திருத்தி அனுப்ப வேண்டும். மூத்தவர்கள் அதை வரி வரியாகப் படிப்பார்கள். "இந்த வரி ஏன்? இப்படிச் செய்தால் தேடல் மெதுவாகுமே. பரிசோதித்தாயா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்பார்கள். மூன்று தடவை திருப்பி அனுப்பப்படும். வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்து பழகிய எமது பிள்ளைகளுக்கு இது முதலில் பெரிய அடியாக விழும். பொறுத்துக்கொண்டு திருத்துபவர் நிலைக்கிறார். கோபித்துக்கொண்டு போகிறவர் போய்விடுகிறார். எந்தக் குடும்பம், எந்த ஊர், என்ன பட்டம் என்று அங்கே ஒருவரும் விசாரிப்பதில்லை. எழுதிய நிரல்தான் சாட்சி.

அப்பாச்சி என்ற உலகளாவிய மென்பொருள் மன்றத்தின் வழக்கம் ஒன்று எமக்குப் பிடித்திருக்கிறது. ஒரு மாற்றத்தை ஏற்பவர் 'கூட்டல் ஒன்று' என்று எழுதுவார். மறுப்பவர் 'கழித்தல் ஒன்று' என்று எழுதுவார். நிரலைப் பற்றிய விடயத்தில் உரிமை பெற்ற ஒருவர் 'கழித்தல் ஒன்று' போட்டாலே அந்த மாற்றம் நின்றுவிடும். ஆனால் ஒரு நிபந்தனை: தொழில்நுட்ப ரீதியான காரணத்தை அவர் சொல்லியாக வேண்டும். காரணமில்லாத மறுப்புக்கு மதிப்பில்லை. எமது சங்கங்களின் நிர்வாகக் கூட்டங்களில் இப்படியொரு விதி இருந்தால் எத்தனை கூட்டங்கள் நேரத்தோடு முடிந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

இந்த அப்பாச்சி மன்றத்தில் இலங்கையருக்கு நல்ல பெயர் உண்டு. 2006 இல் வெளியான 'அக்ஸிஸ் 2' என்ற மென்பொருளில் பெரும் பங்கு எமது நாட்டவருடையது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் அப்பாச்சியின் ஆசிய மாநாடு கொழும்பிலேயே நடந்தது. கூகிள் நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் 'சமர் ஒஃப் கோட்' திட்டத்தில், திறந்த மூல மென்பொருளுக்கு உழைக்கும் மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கிறார்கள். அதன் முதல் பத்தாண்டுக் கணக்கில், உலகப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றையும் விட அதிக மாணவர்களை அனுப்பியது எது? எம்.ஐ.ரி.யும் அல்ல, இந்தியாவின் ஐ.ஐ.ரி.களும் அல்ல. 101 ஆம் இலக்க பஸ்ஸில் போய் இறங்கக்கூடிய கட்டுபெத்தைதான்!

சம்பளமில்லாத வேலை என்று தொடங்கினோம் அல்லவா? அந்தப் பிள்ளைகளில் பலருக்கு இந்த இலவச வேலைதான் பிறகு நல்ல சம்பளத்துக்கு வழி திறந்தது. வேலை கொடுப்பவர் சான்றிதழைப் பார்ப்பதோடு, அவர்கள் எழுதிய நிரலையும் திறந்து பார்க்கலாமே.

யார் காவல் இருப்பது?

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2021 டிசெம்பரில் அப்பாச்சியின் 'லொக் ஃபோர் ஜே' என்ற சிறியதொரு மென்பொருளில் பெரியதொரு ஓட்டை இருப்பது பகிரங்கமானது. உலகின் பெரும் வங்கிகளும் கம்பனிகளும் அரசாங்கங்களும் அதைப் பாவித்துக்கொண்டிருந்தன. அதைப் பராமரித்தவர்களோ ஒரு சிலர். அதுவும் தத்தம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு ஓய்வு நேரத்தில் பார்த்தவர்கள். இலவசமாகக் கிடைத்ததைக் கோடிக்கணக்கில் இலாபம் ஈட்டுவோர் எடுத்துக்கொண்டார்கள். ஓட்டை விழுந்ததும் திட்டு வாங்கியவர்கள் அந்தத் தொண்டர்கள். இரவு பகலாக இருந்து அடைத்தவர்களும் அவர்களே.

இந்த உழைப்பில் மனம் சோர்ந்து விலகிப்போகிறவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளை பல நாட்களாகச் சரியாக உண்பதில்லை, பேசுவதில்லை என்றால், "பெரிய வேலை செய்கிறது" என்று பெருமைப்பட்டுக்கொண்டு விட்டுவிடாதீர்கள். கதவைத் தட்டுங்கள். பிளேன்ரீ ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. காணாமற் போனோரின் பட்டியல் என்பது வெறும் பெயர்கள் அல்ல. தகப்பனையும் தாயையும் இழந்த சிறுமி எந்த முகாமில் தனியாக இருக்கிறாள் என்ற தகவலும் அதில் இருக்கும். தேடி வரும் பெரியம்மாவுக்கு உதவும் அதே பக்கம், கெட்ட எண்ணத்தோடு வருபவனுக்கும் உதவிவிடும். எதை எல்லோருக்கும் காட்டுவது, எதை முகாம் பொறுப்பாளருக்கு மட்டும் காட்டுவது, யார் பார்த்தார் என்பதை எப்படிக் குறித்து வைப்பது என்பதெல்லாம் மென்பொருளை எழுதுபவரின் கையில் இருக்கும் அமானிதம். அவசரத்தில் எழுதும்போது முதலில் விடுபட்டுப் போவதும் இதுதான். பிள்ளையிடம் பேச நேரம் கிடைத்தால் இதைப் பற்றிக் கேளுங்கள். "உன் பக்கத்தில் எழுதும் தொலைபேசி இலக்கத்தை யாரெல்லாம் பார்க்கலாம்?" என்று உம்மா கேட்பாள் என அந்தப் பிள்ளை எதிர்பார்த்திருக்காது.

இறுதியாக வீட்டில் செய்யக்கூடிய ஒரு காரியம். அலுமாரியைத் திறந்து குடும்பத்தவரின் பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், கடவுச்சீட்டுக்கள், பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் பரப்புங்கள். ஒவ்வொருவரின் பெயரும் எல்லாவற்றிலும் ஒரே விதமாக இருக்கிறதா என்று பாருங்கள். தமிழில் பதிந்ததைச் சிங்களத்தில் எழுதி, அதைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதியதால் ஒரே ஆள் மூன்று பெயராகிப்போன வீடுகள் எம்மிடையே நிறைய உண்டு. வேறுபாடு இருந்தால் எல்லா எழுத்து வடிவங்களையும் ஒரு தாளில் குறித்து, அடையாள அட்டையின் பிரதியோடு சேர்த்துத் தண்ணீர் படாத உறையில் வையுங்கள்.

பிறகு அந்தத் தாளைக் கணனியின் முன் இருக்கும் பிள்ளையிடம் கொடுத்து, "உன்னுடைய மென்பொருளில் உன் உம்மும்மாவைத் தேடிப் பார்" என்று சொல்லுங்கள்.